நாகலாடு போகும் பஸ்

சேர்வராயன் மலையில் நாகலாடு என்றொரு ஊர் கிடையாது. இதை யாரைவிடவும் உறுதியாக என்னால் சொல்ல முடியும். அந்த ஊரை உண்டாக்கியவள் நான்தான்.

அது பிறந்த செய்தி ஒரு புதன்கிழமை காலையில், ஒன்றரை வயது மகளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தபோது, செல்பேசியில் புகைப்படமாக வந்தது. மூடுபனிக்குள் ஒரு மினிபஸ். அதன் நெற்றியில் சிவப்பு விளக்குப் புள்ளிகளால் ஆன பலகை. பலகையில் பளிச்சென்று ‘நாகலாடு’. இருக்க வேண்டியது ‘நாகலூர்’. படத்தின் கீழே எங்கள் குழுத் தலைவர் ஒரே ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார். எனக்குக் கேள்விக்குறி ஒன்று போதும். மூன்று நாளைக்கு வேறு எதுவும் ஓடாது.

நான் வேலை செய்வது சேலத்தில் இருக்கும் ஒரு சிறிய கம்பெனிக்கு. பஸ்ஸில் ஊர்ப்பெயர் காட்டும் மின்பலகை செய்கிறோம். பலகைக்குப் பின்னால் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். அதில் ஒரு சின்ன சிப். கண்டக்டர் பட்டனை அழுத்தினால் அடுத்த ஊரின் பெயர் வரவேண்டும். அந்தச் சிப்புக்குள் ஓடும் நிரலில், பெயரை எடுத்துப் பலகைக்குக் கொடுக்கும் பகுதியை எழுதியது நான். குழந்தை பிறந்து ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டு, வீட்டிலிருந்தே செய்யலாம் என்ற உறுதியின் பேரில் மறுபடி சேர்ந்திருந்தேன். நாகலூர் சாலையில் ஓர் எஸ்டேட் வேலியை ஒட்டி எங்கள் வீடு. கணவருக்கு ஏற்காடு டவுனில் ஒரு ஓட்டலின் வரவேற்பு மேசையில் வேலை. முதல் பலகை எங்கள் ஊர் மினிபஸ்ஸிலேயே மாட்டப்படுகிறது என்றபோது பெருமையாக இருந்தது. எங்கோ கண்காணாத ஊரில் மாட்டியிருக்கலாம் என்று இப்போது தோன்றியது.

எங்கள் வீட்டுக்குள் வைஃபை உண்டு, ஆனால் போனில் பேச்சு விளங்குவது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும்தான். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றேன்.

“மேடம், போட்டோ பாத்தீங்களா?” என்றார் தலைவர்.

“பாத்தேனுங்க சார்.”

“நாகலாடுன்னு இருக்குது.”

“ஆமாங்க சார்.”

“ஆடு எங்கிருந்துங்க வந்துச்சு?”

“தெரியலீங்க சார்.”

அவர் கோபப்படுகிறவர் அல்ல. கோபப்பட்டாலாவது ஒருமுறை அழுதுவிட்டு வேலையைப் பார்க்கலாம். அவர் நிதானமாக, தண்ணீர் கேட்பது போலச் சொன்னார்:

“பஸ் ஓனரு திங்கக்கிழமை வரைக்கும் பாப்பாராம். அதுக்குள்ள சரியாகலீன்னா போர்டக் கழட்டிட்டு பழைய தகரத்தையே மாட்டிக்குவாராம். நீங்க சனிக்கிழமைக்குள்ள புடிச்சிட்டீங்கன்னா சரி. இல்லாட்டி இது ஊட்ல உக்காந்து பாக்கற வேலை இல்லீங்க மேடம். திங்கள்ல இருந்து ஆபீசுக்கு வந்துருங்க. அப்புறம் அப்படியே டெய்லி வந்துருங்க.”

டெய்லி என்றால் மலையை இறங்கி ஏறுவது. இருபது கொண்டை ஊசி வளைவுகள், காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதி வைத்திருக்கிறார்கள். என் மகள் அந்த எண்களைத் தன் வழியில் படித்து வைத்திருக்கிறாள்: இறங்கும்போது பதினாறாவது வளைவில் முதல் வாந்தி, ஒன்பதாவதில் இரண்டாவது. அவளை இங்கே பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. கூட்டிப் போய்ச் சேலத்தில் ஏதாவது காப்பகத்தில் விட வேண்டும். அல்லது வேலையை விட வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி யோசித்ததில் மீதி இட்லியை நானே தின்றுவிட்டேன். குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேசையில் சோதனைக்காக எனக்கும் ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். ஊறுகாய் ஜாடிக்கும் மாவு டப்பாவுக்கும் நடுவில் அது நிற்கும். பட்டனை அழுத்தினேன். நாகலூர். மறுபடி அழுத்தினேன். ஏற்காடு. வாழவந்தி. ஏற்காடு. கரடியூர். ஓர் எழுத்து பிசகவில்லை. இருபது தடவை அழுத்தினேன், நாற்பது தடவை அழுத்தினேன். மகளும் அழுத்திப் பார்த்தாள். அவளுக்கும் நாகலூர்தான் வந்தது.

பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது புரியும். ராத்திரியெல்லாம் இருமுகிற குழந்தை டாக்டர் முன்னால் ஒரு தும்மல்கூடப் போடாது. “நல்லாத்தானே இருக்கா?” என்பார் டாக்டர். நம்மை ஒரு மாதிரி பார்ப்பார். அந்தப் பலகையும் என் முன்னால் அப்படித்தான் சமத்தாக உட்கார்ந்திருந்தது.

நான் பயந்த சுபாவம். கதவைப் பூட்டிவிட்டுப் பஸ் நிறுத்தம் வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிறவள். நிரலிலும் அப்படித்தான். ஒவ்வொரு வரிக்குப் பிறகும், ‘பெயர் வந்ததா, எவ்வளவு நீளம், சரியாக முடிகிறதா’ என்று எனக்கே ஒரு தகவல் அனுப்பிக்கொள்ளும் வரிகளைச் செருகி வைப்பேன். பஸ்ஸுக்குப் போகிற பதிப்பில் அவை இருக்காது. வீட்டில் ஓடும் பதிப்பில் நிறைய இருக்கும். இன்னொரு வித்தியாசமும் உண்டு. நாம் எழுதுவதை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் மாற்றித் தருவதற்குக் கம்பைலர் என்று ஒன்று இருக்கிறது. அதனிடம் ‘எழுதியதை எழுதியபடி மாற்று’ என்றும் சொல்லலாம், ‘எப்படியாவது வேகமாக ஓட வை’ என்றும் சொல்லலாம். வீட்டில் நான் முதலாவதைச் சொல்வேன். பஸ்ஸுக்குச் சேலத்தில் இரண்டாவதைச் சொல்வார்கள். இரண்டும் ஒரே நிரல்தானே, ஒன்றில் சரியாக இருந்தால் மற்றதிலும் சரியாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். வியாழக்கிழமை முழுவதும், குழந்தை தூங்கிய இரண்டு மணி நேரத்தில், வீட்டுப் பதிப்பையே மேலும் மேலும் சோதித்துக்கொண்டிருந்தேன். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்த்தேன். திறந்திருந்தது கொல்லைக் கதவு.

அன்று சாயங்காலம் கணவர் வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்.

“ஏம் புள்ள, அந்தப் பஸ்ஸுல ஏறிப் பாத்தியா?”

“போர்டு வெளியிலதானுங்க இருக்குது? உள்ள ஏறி என்னத்தப் பாக்கறது?”

“அப்ப வெளியில நின்னு பாரு. ஊட்ல இருக்கறது ஒழுங்காத்தான் இருக்குதுன்னு நீயே சொல்ற. ஒழுங்கா இருக்கறதையே எத்தன நாளைக்குப் பாப்ப?”

ஓட்டலில் குளியலறைக் குழாய் ஒழுகுகிறது என்று விருந்தினர் சொன்னால், அந்த அறைக்குத்தான் ஆளை அனுப்புவார்கள், ஒழுகாத அறைக்கு அல்ல என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. சரியான பேச்சு என்பதால் நிறையவே வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு டவுனுக்குப் போனேன். மினிபஸ் ஒன்பதரைக்கு. நான் எட்டரைக்கே பஸ் நிலையத்தில் இருந்தேன். வழக்கமான இடத்தில் ஒரு மினிபஸ் நின்றது. பச்சை நிறம், காலியாக இருந்தது, நெற்றிப் பலகை பனியில் தெரியவில்லை. ஜன்னல் வழியாக மகளின் பூத்துண்டை முன் கதவுக்கு அடுத்த மூன்றாவது சீட்டில் போட்டேன். இடம் பிடித்தாயிற்று. நிம்மதியாகப் போய் அவளுக்கு ஒரு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கி, பழத்தில் பாதியை என் தோளில் அவள் தேய்க்க விட்டு, திரும்பி வந்தேன். பச்சை மினிபஸ் அங்கேயே நின்றது. ஏறினேன். மூன்றாவது சீட்டில் கூடையோடு ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங்கக்கா, இது நான் புடிச்ச எடமுங்க. துண்டு போட்டிருந்தனே.”

அவர் எழுந்து சீட்டைப் பார்த்தார். கூடையைத் தூக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“எந்தத் துண்டுங்க கண்ணு? நான் வெறுஞ் சீட்டுலதான உக்காந்தேன்.”

“பூப் போட்ட துண்டுங்க. மூணாவது சீட்டு. எனக்கு நல்லா நெனப்பிருக்குது.”

“சீட்டு மூணாவதுதான் சாமி. துண்டுதான் இல்ல.”

பின்னாலிருந்து கண்டக்டர் குரல் வந்தது. “அம்மிணி, நீங்க துண்டு போட்டது அந்தப் பஸ்ஸுங்க. அது வாழவந்திக்காரன் வண்டி. நட முடிஞ்சு ஷெட்டுக்குப் போயிருச்சு. இது இப்பத்தானுங்க வந்து நின்னுச்சு.”

“ரெண்டும் பச்சையா இருக்குதேங்க.”

“ரெண்டும் ஒரே ஓனருங்க. பெயிண்டு மிச்சம்.”

பஸ்ஸில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தார்கள். கூடை அக்கா நகர்ந்து, மடியில் குழந்தையோடு உட்கார இடம் கொடுத்தார். “துண்டு சாயங்காலம் வந்துருமுங்க, அவனுக்குப் போன் போட்டுச் சொல்றேன்” என்றார் கண்டக்டர். நான் வெட்கத்தில் கீழே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கிளம்பும் முன்னால் அவர் பட்டனை அழுத்தினார். நான் மகளோடு இறங்கி ஓடிப்போய் முன்னால் நின்று பார்த்தேன். நாகலாடு. மறுபடி ஏறி உட்கார்ந்தேன். கண்டக்டர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

“போர்டப் பாத்தீங்களாங்க? ஆட்டுக்கு ஆஃப் டிக்கெட்டா முழு டிக்கெட்டான்னு நேத்தைக்கு ஒருத்தர் கேக்கறாருங்க.”

“நாலு காலு, ரெண்டு டிக்கெட்டு வாங்கிருங்க” என்றார் கூடை அக்கா.

“வாழவந்திக்கு ஒரு நட போனோமுங்க. அதுக்கு ‘வாழவாடு’ன்னு போட்டுச்சு. ஒரு பாட்டய்யா, இது வாழச் சொல்லுதா வாடச் சொல்லுதான்னு கேட்டுட்டு ஏறவே இல்ல.”

“கரடியூருக்கு என்னங்க வருது?” என்றேன்.

“கரடிக்கு அப்புறம் ஒரு ஒத்தக் காலு, அப்புறம் டு. டூரிஸ்ட்டுக நின்னு போட்டோ எடுக்கறாங்க. இத எழுதுனவன் மட்டும் என் கையில கெடச்சான்னா...”

“நான்தானுங்க.”

“என்னது?”

“இத எழுதுனது நான்தானுங்க.”

கண்டக்டர் என்னைப் பார்த்தார், வாழைப்பழம் அப்பிய என் தோளைப் பார்த்தார், மடியில் இருந்த குழந்தையைப் பார்த்தார். என்ன செய்வதாக இருந்தாரோ அதைச் செய்யவில்லை.

“பஸ்ஸு மாத்தித் துண்டு போட்டீங்களே, அப்பவே நான் நெனச்சிருக்கோணும்” என்றார். இந்தத் தடவை நானும் சிரித்தேன்.

வண்டி சுற்றுலாக்காரர்கள் எல்லாரும் போகிற சாலையை விட்டு, சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே நாகலூர் பக்கம் திரும்பியபோது, அவர் டிக்கெட் கிழித்துக்கொண்டே சொன்னது இது:

“ஏற்காடுன்னு மட்டும் எப்பவும் சரியாப் போடுதுங்க. மத்தது எங்க போனாலும் அந்த ஏற்காட்டு வாலப் புடிச்சுக்கிட்டேதான் போவுது. ஆடு, வாடு, டு... எல்லாம் அந்தக் ‘காடு’ல இருக்கற வாலுதானுங்களே.”

என் பையில் பேனா இருந்தது, தாள் இல்லை. டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினேன். கணினி எண்ணும் முறையில் ‘ஏற்காடு’ ஏழு குறிகள்: ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி. ‘நாகலூர்’ என்பதும் ஏழு: ந, கால், க, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. நாகலூரின் முதல் நான்கு குறிகளையும் ஏற்காட்டின் கடைசி மூன்றையும் ஒட்டினால் நாகலாடு. வாழவந்தியின் முதல் நான்கு ‘வாழவ’. அதோடு அதே மூன்றை ஒட்டினால் வாழவாடு. கரடியூரின் முதல் நான்கு ‘கரடி’. பிறகு ஒரு தனிக் கால். பிறகு டு. ஒவ்வொரு குறிக்கும் நினைவகத்தில் மூன்று பைட். நான்கு குறிகள், பன்னிரண்டு பைட். முதல் பன்னிரண்டு பைட் புதுசாகிறது. மிச்சம் காலையில் வண்டியை எடுத்தபோது போட்ட ஏற்காடாகவே கிடக்கிறது. எழுத்துகள் பிழையாகவில்லை. யாரோ காலி செய்த வீட்டுக்குள் பாதிச் சாமான்களோடு வேறு யாரோ குடிவந்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்து, குழந்தை தூங்கியதும், நான் புதன்கிழமையே செய்திருக்க வேண்டியதைச் செய்தேன். எனக்கு நானே அனுப்பிக்கொள்ளும் தகவல் வரிகள் அத்தனையையும் நீக்கினேன். கம்பைலரிடம், வேகமாக ஓட வை என்றேன். பட்டனை அழுத்தினேன். ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் நாகலாடு ஒளிர்ந்தது. ஒரு மோசமான செய்தியைக் கண்டு இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

பிறகு அந்த வரியைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஊரின் பெயரைக் கேட்டால், ஒரு சிறு பகுதி ஒரு பெட்டியில் அந்தப் பெயரை எழுத்து வரிசையாக வைத்துத் தரும். அந்தப் பெட்டிக்குப் பெயர் கிடையாது. அது தற்காலிகமானது. அந்த வரியின் கடைசியில் செமிகோலன் என்று நாங்கள் சொல்கிற அரைப்புள்ளி ஒன்று இருக்கிறதே, அதற்கு மேல் அந்தப் பெட்டிக்கு ஆயுள் இல்லை. நானோ முதல் வரியில் பெட்டி இருக்கும் இடத்தை மட்டும், பாயின்ட்டர் என்போம் அதை, குறித்துக்கொண்டு, அடுத்த வரியில் அந்த இடத்துக்குப் போய்ப் பெயரைப் படித்திருந்தேன். இடம் இருக்கும். எண் சரியாக இருக்கும். பெட்டி போயிருக்கும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை மொழியின் விதிகள் சொல்வதில்லை. ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று கைகழுவிவிடுகின்றன. சரியான பெயர் வரலாம். பழைய பெயர் வரலாம். ஆடு வரலாம். வீட்டுப் பதிப்பில் அந்த இடத்தை வேறு யாரும் அவசரமாகக் கேட்கவில்லை. அதனால் செத்துப்போன பெட்டி செத்தது தெரியாமல் கிடந்தது. வேகப் பதிப்பில், இனி இந்தப் பெட்டியை யாரும் முறையாகப் பார்க்க முடியாது, முழுசாக எதற்கு நிரப்ப வேண்டும் என்று கம்பைலர் பாதியில் விட்டிருக்க வேண்டும். ஏன் சரியாகப் பன்னிரண்டு பைட் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைக் கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

சாயங்காலம் கணவர் “என்ன புள்ள ஆச்சு?” என்று கேட்டபோது, பெட்டி, இடம், ஆயுள் என்றெல்லாம் ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார், புரியாதபோது ஆட்டுகிற மாதிரி. அதனால், “பஸ்ஸுல துண்டு போட்டேனுங்க, மூணாவது சீட்டு. நான் வர்றதுக்குள்ள அந்தப் பஸ்ஸு போயிருச்சு. அதே எடத்துல நின்ன வேற பஸ்ஸுல ஏறி, மூணாவது சீட்டு எனக்குன்னு சண்ட போட்டேன்” என்றேன்.

“நெசமாவா?”

“நெசமாத்தான். ரெண்டு தடவ. ஒண்ணு பஸ்ஸுல, ஒண்ணு இதுல.”

அவருக்கு உடனே புரிந்துவிட்டது. புரிந்தது நிரலா, நான் பஸ்ஸில் சண்டை போட்டதா என்று கேட்கவில்லை.

ஆனால் இதில் எனக்குத் தூக்கம் கெடுகிற விஷயம் வேறொன்று இருந்தது. யார் எந்த வரியை எப்போது மாற்றினார்கள் என்று எங்கள் நிரலுக்கு ஒரு பதிவு உண்டு. அதைத் திறந்து பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த இடத்தில் நான் வேறு மாதிரி எழுதியிருந்தேன். பெட்டி வந்ததும் அதை அப்படியே நகலெடுத்து, ஒரு பெயர் வைத்து, என்னிடம் பத்திரமாக வைத்துக்கொண்டு, பிறகு அதிலிருந்து படித்திருந்தேன். அதன் பக்கத்தில் தலைவரின் குறிப்பு: “எதுக்கு மேடம் எதுக்கெடுத்தாலும் காப்பி? சின்ன சிப்புங்க. நேரா பாயின்ட்டர எடுத்துக்குங்க.” அதன் கீழே நான்: “சரிங்க சார்.” ஒரு புன்னகைப் படம். பத்தே நிமிடத்தில் வரியை மாற்றியும் இருக்கிறேன்.

பதிவில் இல்லாதது ஒன்றும் எனக்கு ஞாபகம் வந்தது. ‘சரிங்க சார்’ என்பதற்கு முன்னால், ‘அதுக்குள்ள பெட்டி போயிடாதுங்களா சார்?’ என்று அடித்துப் பார்த்தேன். கம்பைலரே ஒன்றும் சொல்லவில்லையே, நாம் என்ன பெரிய இவளா என்று அழித்தேன். பிறந்ததிலிருந்து சந்தேகப்பட்டுக்கொண்டே இருக்கிற எனக்கு, சரியான சந்தேகம் வந்த ஒரே நேரத்தில் அதை அடக்கிக்கொள்ளத் தெரிந்திருக்கிறது.

சனிக்கிழமை காலையில் தலைவருக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் கடிதத்தில் அவருடைய குறிப்பை அப்படியே ஒட்டினேன். குற்றம் சாட்டுவது போல இருந்தது. நீக்கினேன். இரண்டாவதில் எல்லாத் தப்பும் என்னுடையது என்றேன். படித்தால் எனக்கே திங்கட்கிழமை ஆபீசுக்கு வரச் சொல்லத் தோன்றியது. மூன்றாவதில் ‘வரி மாற்றப்பட்டது’ என்று யார் என்பதே இல்லாமல் எழுதினேன். பேய் வந்து மாற்றிய மாதிரி இருந்தது. நான்காவதை எழுதும்போது மகள் மடியில் ஏறிக் கீபோர்டை அறைந்தாள். பக்கத்தில் திறந்திருந்த நிரலுக்குள் பதினைந்து அரைப்புள்ளிகள் விழுந்தன. கம்பைலர் அதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. வெறும் அரைப்புள்ளியில் சாவதற்கு எதுவும் இல்லையே. கடைசியில் மூன்றே வரி அனுப்பினேன்: ‘காரணம் தெரிந்துவிட்டது. பெயரை நகலெடுக்கும் வரியை நான் நீக்கியது. திருப்பிப் போட்டுவிட்டேன், இங்கே வேகப் பதிப்பிலும் சரியாக வருகிறது.’

ஐந்து நிமிடத்தில் அழைப்பு வந்தது. தொட்டிக்கு ஓடினேன்.

“மேடம், சூப்பருங்க. ஆனா எதுக்குத் திரும்பவும் காப்பி? ரெண்டு வரிய ஒரே வரியா ஆக்கிருங்களே. பேரக் கேக்கற எடத்துலயே போர்டுக்குக் குடுத்துருங்க. செமிகோலன் வரைக்கும் பொட்டி உசுரோடதான இருக்கும்?”

அவர் சொன்னது தவறில்லை. அதுதான் கஷ்டம். வழக்கம்போல வாய் ‘ச’ வரை வந்துவிட்டது. மகள் ஈரத் தொட்டியைத் தட்டிக்கொண்டிருந்தாள். சரிங்க சார் என்றால் இன்றைக்கு வேலை முடிந்துவிடும். திங்கட்கிழமை நான் வீட்டில். ஆனால் இன்னும் ஆறு மாதம் கழித்து வேறொரு படம் வரும், வேறொரு கேள்விக்குறியோடு.

“இல்லீங்க சார்” என்றேன்.

நான் இல்லை என்று சொல்லி அவர் கேட்டதில்லை. நானும்தான்.

“மொழியோட புது விதிப்படி இருக்குமுங்க சார். ஆனா நம்ம கம்பைலர்ல நாம பழைய விதியத்தானுங்க வெச்சிருக்கறோம். பழசுல அந்த வரிக்குள்ளயே, போர்டு படிக்க ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பொட்டியோட கத முடிஞ்சுருதுங்க. அனேகமா ஓடும். ஓடுதுங்கறதுக்காக நம்ப முடியாதுங்க சார். நாகலாடுகூட நொம்ப நல்லாத்தான் ஓடுச்சு.”

மறுமுனையில் கீபோர்டு சத்தம் கேட்டது. விதியைத் தேடிப் படிக்கிறார் என்று தெரிந்தது. நான் படித்தது சரிதானா? பழைய விதியா, அதற்கும் பழையதா? ஒருவேளை தப்பாகச் சொல்லிவிட்டேனா? மூன்று தடவை படித்திருந்தேன். நான்காவது தடவையும் படித்திருக்கலாம்.

“ஆமாங்க” என்றார் கடைசியில். பிறகு, “மேடம், அந்தக் காப்பிய எடுக்கச் சொன்னது யாருங்க?”

“பதிவுல இருக்குதுங்க சார்.”

மறுபடி கீபோர்டு சத்தம். பிறகு அவர் சிரித்தார், தொட்டிக்குள் எதிரொலிக்கிற அளவுக்கு.

“சரிங்க. இந்த மாதிரி இன்னும் எங்கெங்க எடுக்கச் சொல்லியிருக்கறேன்?”

“பதினோரு எடத்துலீங்க.”

“எண்ணி வெச்சிருக்கீங்களா?”

“ஆமாங்க சார்.”

“ஒண்ணையும் உடாதீங்க. எல்லாத்தையும் பாருங்க.”

கேட்காமல் விட்டால் ராத்திரி முழுவதும் யோசிப்பேன் என்று தெரியும். கேட்டேன். “திங்கக்கிழமை ஆபீசுக்கு வரோணுமுங்களா சார்?”

“எதுக்கு? இங்க வந்தீங்கன்னா நான் மறுபடியும் எதையாச்சும் எடுக்கச் சொல்லுவேன். நீங்களும் சரிங்க சாரும்பீங்க. அங்கயே இருங்க மேடம்.”

போனை வைத்துவிட்டு மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். பதினாறாவது வளைவு ஞாபகம் வந்து உடனே நிறுத்தினேன்.

திங்கட்கிழமை புதுப் பதிப்பை ஏற்றினார்கள். செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் வாசல் கேட்டில் நின்றோம். பச்சை மினிபஸ் வளைவில் திரும்பி வந்தது. நாகலூர். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே எதையோ வீசினார். பூத்துண்டு. துவைத்து மடித்திருந்தது.

“ஆட்டக் காணமுங்களே அம்மிணி!” என்று கத்தினார். “டூரிஸ்ட்டுக கேக்கறாங்க!”

மகள் துண்டை வாங்கித் தலையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கையாட்டினாள். நான் கையாட்டவில்லை. வண்டி கண்ணைவிட்டுப் போகும்வரை பலகையைப் படித்துக்கொண்டிருந்தேன்: ந, கால், க, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி.

இன்றைக்கும் அப்படித்தான். கடைசிப் புள்ளி வரை பார்த்துவிட்டுத்தான் கேட்டைச் சாத்துகிறேன். அடுத்த நடை பதினொன்றரைக்கு.